கழன்று வராத எஞ்சின் போல்ட்: கைக்குத் தெரியும் அறிகுறியும் அதற்கேற்ற வழியும்

கழன்று வராத போல்ட்டை உள்ளே ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. அது துருவாக இருக்கலாம். எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் பூத்த வெள்ளைப் பொடியாக இருக்கலாம். சைலென்சர் பக்கம் என்றால் சூட்டில் வெந்துபோன மரையாக இருக்கலாம். முன்பு வேலை பார்த்தவர் தடவிய லாக்டைட் என்ற மரைப் பசையாகவோ, அவர் அளவு தெரியாமல் போட்ட முறுக்காகவோகூட இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எது பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் ஸ்பேனரில் குழாயைச் சொருகி இழுப்பதால்தான் அரை மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகிறது.

நான் தொழில் பழகியது தூத்துக்குடியில். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். அந்தக் காற்றில் நிற்கும் வண்டியின் எஞ்சின் அறை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சேர்ந்த முதல் வருடம், தெர்மோஸ்டாட் மூடியில் இருந்த 10 ஸ்பேனர் போல்ட் ஒன்றை முறித்துவிட்டேன். வண்டிக்காரர் கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரையே வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியிருந்தார். முறிவதற்கு முன்னால் கையில் ஒரு மாற்றம் தெரிந்தது. கல் மாதிரி நின்ற போல்ட் திடீரென்று இளகிக் கொடுத்தது. கழல்கிறது என்று நினைத்து இழுத்தேன். அந்தப் பக்கம் கார்புரேட்டர் கழுவிக்கொண்டிருந்த அண்ணாச்சி "ஏல, நிறுத்துல" என்று கத்துவதற்குள் போல்ட் தலை ஸ்பேனரோடு வந்துவிட்டது. அந்த இளக்கத்தை இனம் காணக் கற்றுக்கொண்ட பிறகு நான் முறித்த போல்ட்டுகள் மிகக் குறைவு. அதற்கென்று கீழே தனிப் பகுதி இருக்கிறது. வேறு எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படியுங்கள்.

ஸ்பேனர் வைப்பதற்கு முன்

கம்பி பிரஷ்ஷால் தலையையும் வெளியே தெரியும் மரையையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். தலையைச் சுற்றி அழுக்கு அடைந்திருந்தால் சாக்கெட் பாதி ஆழம்தான் இறங்கும். பாதி இறங்கிய சாக்கெட்தான் மூலையை உருட்டும்.

அப்புறம் அளவு. மாருதி, ஹோண்டா, டொயோட்டா போன்ற ஜப்பானிய வழி வண்டிகளில் எம்8 போல்ட்டுக்கு, அதாவது மரைத் தண்டு 8 மி.மீ. தடிமன் உள்ளதற்கு, பெரும்பாலும் 12 ஸ்பேனர், எம்10 போல்ட்டுக்கு 14. ஐரோப்பிய வண்டிகளில் அதே எம்8 போல்ட்டுக்கு 13. பழைய அம்பாசிடர் கைக்கு வந்தால் கதையே வேறு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த வண்டி அது, பழைய பெட்ரோல் எஞ்சினில் எல்லாம் அங்குல அளவு. அரை அங்குல ஸ்பேனருக்கான தலை 12.7 மி.மீ. இருக்கும். 13 ஸ்பேனர் அதில் உட்காரும், இறுக்கம் இல்லாத போல்ட்டைக் கழற்றியும் விடும். துருப்பிடித்த போல்ட்டில் அந்த 0.3 மி.மீ. இடைவெளி போதும், ஆறு மூலையும் வழுக்கிப் போய்விடும்.

இறுகிய போல்ட்டில் ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம். ஆறு மூலை சாக்கெட் போடுங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும் மூலையின் நுனிக்கு அருகில் பிடிக்கின்றன. ஆறு மூலை சாக்கெட் தட்டையான பக்கத்தையே பிடிக்கும்.

இன்னொன்று, போல்ட்டின் தடிமனை மனத்தில் வையுங்கள். தலையில் 8.8 என்ற பலக் குறி போட்டிருக்கும் எம்6 போல்ட்டை 10 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) அளவுக்குத்தான் முறுக்குவார்கள். 15 நியூட்டன் மீட்டர் வாக்கில் அது முறுகிப் போகத் தொடங்கலாம். 15 செ.மீ. நீளமுள்ள சின்ன ரிங் ஸ்பேனரில் 10 கிலோ அளவுக்கு இழுத்தாலே அந்த 15 வந்துவிடும். மளிகைப் பையைத் தூக்கும் பலம் அது. எம்6 போல்ட்டுக்கு அரை அங்குல ராட்செட்டை எடுக்காதீர்கள். கால் அங்குல ராட்செட், இரண்டு விரல், அவ்வளவுதான்.

அறிகுறி: கல் மாதிரி நிற்கிறது, துளிகூட அசையவில்லை

நல்ல நிலைமைதான் இது. போல்ட் இன்னும் முழுதாக இருக்கிறது, எல்லா வழியும் திறந்திருக்கிறது.

முதலில் எண்ணெய். டபிள்யூ.டி. 40 எல்லார் கையிலும் இருக்கிறது. அதன் பெயரிலேயே இருப்பதுபோல ஈரத்தை விரட்டுவதுதான் அதன் முதல் வேலை. லேசான துருவுக்கு அது போதும். கெட்டியாகப் பிடித்ததற்குத் துருவுக்குள் ஊடுருவும் தனி எண்ணெய் வாங்குங்கள், இல்லையென்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் அசிட்டோனும் சம அளவில் கலந்து பயன்படுத்துங்கள். இரண்டும் தாமாகக் கலந்து நிற்காது, ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் விட வேண்டும். அசிட்டோன் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும், பெயின்ட்டையும் கரைக்கும். அதனால் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

எந்த எண்ணெய் என்பதைவிட எங்கே விடுகிறோம் என்பதும் எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதும் பெரிது. தலைக்கு மேல் ஊற்றினால் அது தலையின் அடியில் இருக்கும் வாஷரோடு நின்றுவிடும். ஓட்டை மறுபக்கம் திறந்திருந்தால் அங்கிருந்து விடுங்கள். சைலென்சர் மேனிஃபோல்ட் ஸ்டட் (தலையில்லாமல் இரு முனையிலும் மரை உள்ள தண்டு) என்றால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் விடுங்கள். சாயங்காலம் விட்டுவிட்டு மறுநாள் காலையில் தொடுவது என் பழக்கம். வண்டிக்காரர் காத்திருந்தாலும் நான் விளக்கம் சொல்லி அனுப்பிவிடுவேன்.

அடுத்தது தட்டு. போல்ட் தலையின் நேர் மேலே ஒரு பித்தளைக் கம்பியையோ முனை மழுங்கிய பஞ்ச் கருவியையோ வைத்துச் சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டுங்கள். பலமாக அடிக்க வேண்டியதில்லை, சுருக்கென்று விழ வேண்டும். மரைகளுக்கு இடையில் இறுகி நிற்கும் துரு நொறுங்கக்கூடிய பொருள். அதிர்ச்சியில் அது விரிசல் விடும், அந்த விரிசலில் எண்ணெய் இறங்கும். அலுமினிய மூடி மேல் அடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு துளி இறுக்கிப் பாருங்கள். கழற்ற வந்தவன் ஏன் இறுக்க வேண்டும் என்று தோன்றும். எந்தத் திசையில் என்றாலும் சரி, ஒரு மயிரிழை அசைந்தால்கூடத் துருவின் பிடி உடைந்துவிடும், உடைந்த பிறகு திரும்பி வரும்.

இதற்கும் அசையவில்லை என்றால் சூடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் தவறான இடத்தில் சூடு காட்டுகிறார்கள்.

அலுமினிய ஹெட்டில் இரும்பு போல்ட் இருந்தால், போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 10 மி.மீ. ஓட்டை 150 டிகிரி சூடேறினால் அலுமினியத்தில் அது 0.034 மி.மீ. அளவு பெரிதாகும். போல்ட்டும் அதே சூடு ஏறினாலும் 0.018 தான் பெருக்கும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைப் பொடியின் பிடி விட அது போதும். எவ்வளவு சூடு என்று கேட்டால், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, அதுதான் கணக்கு. சொட்டு சுர்ரென்று துள்ளி ஓடினால் நிறுத்திவிடுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஹெட் வார்க்கும் கலவை அதற்கும் முன்னாலேயே இளகும். முக்கியமாக, இரும்பு போலச் சிவந்து எச்சரிக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலை தொங்கி விழும்.

இரும்பு பிளாக்கில் இரும்பு போல்ட் என்றால் இந்தக் கணக்கு உதவாது, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு விரியும். அங்கே போல்ட்டையே சூடாக்குங்கள். சுற்றி இரும்பு நெருக்குவதால் விரிய இடமில்லாமல் அது தனக்குள் நசுங்கும். ஆறும்போது பழைய அளவைவிட ஒரு பொட்டு சுருங்கி நிற்கும். எனவே முழுதாக ஆற விட்டுப் பிறகு முயலுங்கள்.

சூடு கைபொறுக்காத நிலையில் இருக்கும்போது மெழுகுவர்த்தியை மரை விளிம்பில் தேயுங்கள். உருகிய மெழுகு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல இடுக்குக்குள் இழுக்கப்படும். சைலென்சர் ஸ்டட்டுகளில் இது எனக்கு எந்த எண்ணெயையும்விட நன்றாகக் கைகொடுத்திருக்கிறது.

சிவப்பு லாக்டைட் போட்ட போல்ட்டுக்கு எண்ணெயால் பயனே இல்லை. 250 டிகிரி வாக்கில் சூடு காட்டி, ஆற விடாமல் சூடாக இருக்கும்போதே கழற்ற வேண்டும். அலுமினியத்தில் இருந்தால் அந்தச் சூட்டை ஹெட்டுக்குக் காட்டாமல் போல்ட் தலைக்குக் காட்டுங்கள்.

நெருப்பு எடுக்கும் முன் பெட்ரோல் பைப், கார்புரேட்டர், எண்ணெய் நனைந்த வேஸ்ட் துணி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தெளித்த எண்ணெயும் பற்றும், துடைத்துவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் சூடோ வெல்டிங்கோ காட்டவே கூடாது, பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும், அது உயிரைக் குடிக்கும்.

அறிகுறி: "டக்" என்று சத்தம் வந்தது

துரு உடைந்த சத்தம் இது. உலர்ந்த, கூர்மையான ஒலி, அதோடு போல்ட் கொஞ்சம் நகர்ந்திருக்கும். சந்தோஷப்பட்டு முழுதாகச் சுற்றிவிடாதீர்கள். மறுபடி எண்ணெய் விட்டு, இறுக்கும் பக்கம் கொஞ்சம், கழற்றும் பக்கம் கொஞ்சம் என்று போங்கள்.

அறிகுறி: இளகிக் கொடுக்கிறது, ரப்பர் மாதிரி இழுபடுகிறது

தொடக்கத்தில் சொன்னது இதுதான். ஸ்பேனர் நகர்கிறது, சத்தம் இல்லை. பலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஈரக் கயிற்றை முறுக்குவது போல இருக்கிறது. அடியில் மரை அசையாமல் நிற்க, தலைக்கும் மரைக்கும் நடுவில் இருக்கும் தண்டு முறுகிக்கொண்டிருக்கிறது என்று இதற்கு அர்த்தம். இன்னும் கால் சுற்று போனால் முறியும்.

அந்த நொடியிலேயே கையை எடுங்கள். சந்தேகமாக இருந்தால் சோதிக்க ஒரு வழி உண்டு. போல்ட் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். மெதுவாக இழுத்து, விடுங்கள். கோடு பழைய இடத்துக்கே திரும்பினால் தண்டு வெறும் வில் போல் வளைந்து கொடுத்திருக்கிறது, சேதம் இல்லை, சூட்டு வேலைக்குப் போகலாம். கோடு விலகி நின்றால் அதை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம்: மரை நகர்ந்திருக்கலாம், தண்டு நிரந்தரமாக முறுகியிருக்கலாம். மரை நகர்ந்திருந்தால் அடுத்த இழுப்பு லேசாக இருக்கும், தலைக்கு அடியில் மயிரிழை இடைவெளி தெரியும். இரண்டும் இல்லையென்றால் தண்டு முறுகிவிட்டது.

முறுகிய போல்ட்டையும் காப்பாற்றலாம். பழைய இடத்துக்கு மெதுவாகத் திருப்பி வையுங்கள். சூடு, மெழுகு, ஒரு இரவு என்று முதலிலிருந்து தொடங்குங்கள். அடுத்த தடவை நீளமான இழுப்பு வேண்டாம். அடித்து அடித்துத் திருப்பும் சின்ன இம்பாக்ட் கன் இருந்தால் அதைக் குறைந்த வேகத்தில் வைத்துக் கழற்றும் பக்கம் சில நொடி, இறுக்கும் பக்கம் ஒரு நொடி என்று தட்ட விடுங்கள். சீரான இழுப்பு தண்டை முறுக்குகிறது. சின்னச் சின்ன அடிகள் துருவை நொறுக்குகின்றன. எம்8-க்கு மேல் இந்த முறையை நம்பிச் செய்வேன். எம்6-க்குக் கையால்தான்.

அறிகுறி: பாதி வந்து மறுபடி இறுகுகிறது, கிரீச்சென்று கத்துகிறது

உள்ளிருந்து வெளியே வரும் மரை, துருவையும் பொடியையும் அள்ளிக்கொண்டு வருகிறது. சேர்ந்து சேர்ந்து ஓரிடத்தில் அடைத்துக்கொள்கிறது. இங்கேதான் நிறைய பேர் பொறுமை இழந்து, பாதி கழன்ற போல்ட்டை முறித்துவிடுகிறார்கள். அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே. எண்ணெய் விடுங்கள், வெளியே வந்த மரையைத் துடையுங்கள். அலுமினியத்தில் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும், விடாமல் இழுத்தால் போல்ட்டோடு அலுமினிய மரையும் சுருளாகக் கூடவே வந்துவிடும்.

அறிகுறி: ஸ்பேனர் வழுக்குகிறது, தலை உருண்டுவிட்டது

மூலைகள் பாதிதான் போயிருந்தால், ஒரு அளவு சிறிய ஆறு மூலை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். 13 தலைக்கு 12. அங்குல சாக்கெட் சில நேரம் இடையில் சரியாக விழும். பழைய, விலை குறைந்த சாக்கெட்டை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் பிடிக்கவில்லை என்றால் அரத்தால் எதிரெதிர் இரண்டு பக்கத்தையும் தட்டையாக்கி, கவ்விப் பூட்டிக்கொள்ளும் வைஸ் கிரிப் பிளையர் போடலாம். இடம் இருந்தால் எனக்குப் பிடித்தது, தலையின் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்புவது. புது மூலையும் கிடைக்கிறது, வெல்டிங் சூடு நேராக மரைக்கும் இறங்குகிறது, ஒரே வேலையில் இரண்டு பலன். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். எர்த் தூரத்தில் இருந்தால் மின்சாரம் பேரிங் வழியாகவும் எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. வழியாகவும் பாதை தேடும்.

நட்டு என்றால் யோசிக்கவே வேண்டாம். உளியாலோ ஹேக்ஸா பிளேடாலோ நட்டைப் பிளந்துவிடுங்கள். நட்டு சில ரூபாய், ஸ்டட்டைக் காப்பாற்றுவதுதான் கணக்கு. சைலென்சர் பக்கம் நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து கழன்று வந்தால் அதை நஷ்டமாக நினைக்காதீர்கள், முறியாமல் வந்ததே நல்லது.

ஆலன் வாயோ ஸ்டார் வாயோ உருண்டிருந்தால், அதைவிடச் சற்றுப் பெரிய ஸ்டார் பிட்டை அடித்து ஏற்றலாம். கூட்டல் குறி வாயுள்ள பிலிப்ஸ் ஸ்குரூவுக்கு அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர். ஜப்பானிய வண்டிகளின் பழைய ஸ்குரூக்கள் பிலிப்ஸ் போலத் தெரிந்தாலும் வாயின் வடிவம் வேறு, சாதாரண பிலிப்ஸ் அதிலிருந்து ஏறி வெளியே வந்துவிடும். அதற்கான ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) டிரைவர் ஒன்று வாங்கி வையுங்கள்.

அறிகுறி: முறிந்துவிட்டது

முதலில் பட்டறையை விட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். முறிந்த கையோடு டிரில் எடுப்பவர்தான் ஓட்டையைக் கோணலாகப் போடுகிறார்.

திரும்பி வந்து மற்ற போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுங்கள். பல நேரம் தலையின் அடியிலும் மூடியின் ஓட்டையிலும்தான் பிடி இருந்திருக்கும். வாட்டர் பம்ப், டைமிங் கவர் போன்ற நீள போல்ட்டுகளில் இது அதிகம். இழுவிசை போன பிறகு மிச்சத்துண்டு விரலாலேயே கழன்று வந்ததை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சூடும் வைஸ் கிரிப்பும். ஓட்டை மட்டத்திலேயே முறிந்திருந்தால் வாஷர் வைத்து வெல்டிங், அதன் மேல் நட்டு வைத்து வெல்டிங். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. அதனால் அலுமினிய ஹெட்டில் துண்டு சற்று உள்ளே இருந்தாலும், சொட்டுச் சொட்டாக வெல்டிங்கை அடுக்கி மேலே கொண்டுவரலாம். நல்ல கை உள்ள வெல்டர் வேண்டும். சிவப்பு மறைந்து வெதுவெதுப்பாக இருக்கும்போது முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். முதல் நட்டு பிய்ந்து வந்தால் இரண்டாவது போடுங்கள். மூன்றாவதில், நாலாவதில் வந்தது உண்டு, ஒவ்வொரு தடவையும் உள்ளே சூடு இறங்குகிறதே.

ஆழத்தில் முறிந்திருந்தால்தான் டிரில். இதில் எல்லாமே நடு மையத்தில்தான் இருக்கிறது. முறிந்த முகம் மேடு பள்ளமாக இருக்கும், பிட் வழுக்கி மென்மையான அலுமினியத்துக்குள் போய்விடும். கழற்றிய மூடியையே வழிகாட்டியாக்குங்கள். மூடியின் ஓட்டைக்குள் வெளிவிட்டம் சரியாகப் பொருந்தி, நடுவில் 4 மி.மீ. ஓட்டை உள்ள ஒரு புஷ்ஷை லேத் பட்டறையில் கடைந்து வாங்குங்கள். மூடியை மற்ற போல்ட்டுகளால் மாட்டி, புஷ்ஷின் வழியே ஓட்டை போட்டால் பிட் எங்கும் போகாது. அண்ணாச்சி என் முறிந்த தெர்மோஸ்டாட் போல்ட்டை எடுத்தது இப்படித்தான், எனக்கு அதைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார்.

இடது சுற்று டிரில் பிட் கிடைத்தால் அதையே போடுங்கள். ஓட்டை போடும்போதே துண்டு கழன்று மேலே வந்துவிடும் வாய்ப்பு உண்டு. வரவில்லை என்றால் படிப்படியாகப் பெரிதாக்கி, எம்6-க்கு 5 மி.மீ., எம்8-க்கு 6.8 மி.மீ. வரை போகலாம். மையம் சரியாக இருந்தால் மிச்சம் இருப்பது மெல்லிய சுருள் மட்டும், ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு அதே அளவு டேப்பை (மரை வெட்டும் கருவி) ஓட்டினால் பழைய மரை அப்படியே இருக்கும்.

முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் எக்ஸ்ட்ராக்டரைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முழு போல்ட்டே கழலாமல் முறிந்தது. அதற்குள் ஓட்டை போட்டு, அதைவிட ஒல்லியான ஒன்றை வைத்துத் திருகினால் அது மட்டும் எப்படித் தாங்கும்? கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டர் துண்டை வெளிப்பக்கம் விரித்து இன்னும் இறுக்கவும் செய்கிறது. அளவு மீறி முறுக்கியதால் முறிந்த, துரு இல்லாத போல்ட்டுக்கு அது அருமையான கருவி. துருப்பிடித்து முறிந்ததற்கு, அதுவும் எம்6 எம்8 அளவில், நான் எடுப்பதில்லை.

அறிகுறி: எக்ஸ்ட்ராக்டரோ டேப்போ உள்ளே முறிந்துவிட்டது

இரண்டும் கடினப்படுத்திய எஃகு. சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிட் அதன் மேல் சுற்றிச் சூடாகுமே தவிர இறங்காது. கார்பைடு பிட்டை உறுதியாகப் பிடித்த மெஷினில் போட்டு எடுக்கலாம். மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்கு ஹெட்டையே கொண்டுபோனால் மரை கெடாமல் அரித்து எடுத்துத் தருவார்கள். ஹெட் ஏற்கெனவே கழற்றி இருந்தால் நான் நேராக அங்கேதான் அனுப்புவேன்.

சின்ன அலுமினியப் பாகம் என்றால் நாட்டு மருந்துக் கடையிலேயே மருந்து இருக்கிறது. படிகாரம். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் பித்தளைப் பாகத்தில் முறிந்த எஃகு ஸ்குரூவை இப்படித்தான் கரைப்பார்கள். கொதிக்கும் தண்ணீரில் கரையும் மட்டும் படிகாரத்தைப் போட்டு, பாகத்தை முழுக வைத்து, சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டால் இரும்பு கறுத்துப் பொடியாகி உதிரும், அலுமினியத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் ஆகும். கண்ணாடிப் பாத்திரமோ, இனி சமையலுக்கு எடுக்காத எவர்சில்வர் பாத்திரமோ போதும். வரும் குமிழி ஹைட்ரஜன், எனவே திறந்தவெளியில் மின் அடுப்பில் வையுங்கள். பாகத்தில் பேரிங், இரும்பு புஷ் எதுவும் இருக்கக் கூடாது, அவையும் கரையும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு இது வேலை செய்யாது.

அறிகுறி: சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை

உள்ளே மரை அழிந்துவிட்டது. தலைக்கு அடியில் ஸ்குரூ டிரைவரை வைத்து மேல்நோக்கி நெம்பிக்கொண்டே சுற்றுங்கள், மிச்ச மரையைப் பிடித்து ஏறி வரும். வெளியே வந்ததும் பெரிய போல்ட் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரையைப் போடுங்கள். எம்8 ஹெலிகாயிலுக்கு 8.3 மி.மீ. ஓட்டை, அதற்கென்று உள்ள தனி டேப், பிறகு கம்பிச் சுருள். அலுமினியத்தில் அது பழைய மரையைவிடத் தாங்கும்.

இடத்தைப் பொறுத்து மாறும் சில

கிராங்க் புல்லி போல்ட் துருவால் நிற்பதில்லை, கம்பெனியிலேயே மிக அதிகமாக முறுக்கியிருப்பார்கள். தண்டும் தடிமன். எனவே இங்கே நீளக் குழாய் நியாயம்தான், புல்லி சுற்றாமல் பிடிப்பதுதான் வேலை. பல ஹோண்டா புல்லிகளின் நடுவில் 50 மி.மீ. அறுகோணக் குழி இருக்கும், அதற்கான ஹோல்டர் கிடைக்கிறது. சாக்கெட்டில் மாட்டிய பாரைத் தரையில் முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றும் வித்தையை நான் செய்வதில்லை, என்னிடம் பழகும் பையன்களையும் செய்ய விடுவதில்லை. பார் நழுவினால் கையெலும்பு மிஞ்சாது.

ஹெட் போல்ட்டை எஞ்சின் முழுதாக ஆறிய பிறகுதான் தொட வேண்டும். இறுக்கும் வரிசைக்கு நேர் எதிர் வரிசையில், எல்லாவற்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் அலுமினிய ஹெட் வளையும், கடைசி போல்ட்டுகளும் இறுகிக்கொள்ளும்.

ஸ்பார்க் பிளக்கும் ஆறிய எஞ்சினில்தான். டீசல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சூடேற்றும் க்ளோ பிளக் அதற்கு நேர்மாறு, எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்ற வேண்டும். சில நாள் முன்பிருந்தே அடியில் எண்ணெய் விட்டு வண்டியை ஓட விடுங்கள். அப்புறம் முறுக்கு அளவைக் (டார்க்) காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் கழற்ற வேண்டும். எம்8 பிளக்குக்கு 20 நியூட்டன் மீட்டர், எம்10 பிளக்குக்கு 35, அதைத் தாண்டினால் முறியும் அபாயம். அந்த அளவில் வரவில்லை என்றால் நிறுத்தி, எண்ணெய் விட்டு, மறுநாள் வாருங்கள். முறிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரும்.

திரும்பப் போடும்போது

ஓட்டையில் டேப்பை ஓட்டி, உள்ளே இருப்பதைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். அடி மூடிய ஓட்டையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது பிளாக்கையே பிளந்துவிடும். இரும்பு போல்ட் அலுமினியத்தில் போகும் இடத்தில் மரைக்கு மட்டும் மெல்லிய பூச்சாக, மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை தடவலாம். தடவினால் உராய்வு குறையும், அதே டார்க்கில் போல்ட் அதிகமாக நீளும், எனவே டார்க்கைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். முலாம் பூசி வரும் ஸ்பார்க் பிளக்குக்கு எதுவும் தடவ வேண்டாம். துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுபவர்கள் இருக்கிறார்கள். உப்புக் காற்றில் அது தன்னைக் காத்துக்கொண்டு அலுமினியத்தை அரிக்க விடும், அதே 8.8 போல்ட் வாங்கிப் போடுங்கள்.

தெர்மோஸ்டாட் மூடியில் புது போல்ட் ஏறும் அன்றைக்கே ரேடியேட்டரில் இருக்கும் போர் தண்ணீரை வடித்துவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட்டை நிரப்பிக் கொடுங்கள்.